ஸ்டோர் ரூமில் ஒரு ராஜா

நெட்வொர்க் ஸ்விட்ச் (கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி), கேபிள், வைஃபை என்று நீங்கள் கேட்பதற்கெல்லாம் இந்தப் பக்கத்தில் பதில் எழுதி வருகிறேன். போன இதழில் பேட்ச் கார்டு பற்றிச் சொல்லும்போது, "லூப் விழுந்தால் தொலைந்தீர்கள், ஸ்பானிங் ட்ரீதான் காப்பாற்றும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் கடிதங்கள் வந்திருக்கின்றன. சரி, இந்த இதழ் முழுக்க ஸ்பானிங் ட்ரீ, அதாவது கேபிள்கள் வளையமாகி லூப் விழாமல் ஸ்விட்ச்கள் தாங்களே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு.

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் ஆபீஸ், கட்டிங், தையல், பேக்கிங் என்று நான்கு இடங்களில் மேனேஜ்டு ஸ்விட்ச் (உள்ளே போய் செட்டிங் மாற்றக்கூடியது) இருக்கிறது. ஒரு கேபிள் அறுந்தாலும் வேலை நிற்கக் கூடாது என்று நான்கையும் வளையமாக இணைத்திருக்கிறார்கள். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஏதாவது ஒரு பக்கம் அரை நிமிடம், முக்கால் நிமிடம் அப்படியே நின்றுவிடுகிறது. பில்லிங்கில் இருப்பவர்கள் கத்துகிறார்கள். கேபிள் போட்டவரைக் கேட்டால், "ஸ்பானிங் ட்ரீயை ஆஃப் பண்ணிடுங்க, சரியாயிடும்" என்கிறார். பண்ணலாமா? – ஒரு வாசகர், திருப்பூர்

பண்ணாதீர்கள். வளையத்தை வைத்துக்கொண்டு அதை ஆஃப் செய்தால், அரை நிமிடம் நிற்கிற நெட் அன்று முழுக்க நிற்கும்.

ஏன் என்று சொல்கிறேன். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் உண்டு. ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் அதன் கணக்கில் ஒன்று குறையும்; பூஜ்யம் ஆனால் அந்த பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஸ்விட்ச் கையாளும் ஈதர்நெட் ஃபிரேம் என்ற டேட்டா பொட்டலத்துக்கு அந்தக் கணக்கே கிடையாது. ஒரு கம்ப்யூட்டர் "இந்த ஐபி யாருடையது?" என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு தடவை கேட்டால், ஸ்விட்ச் அதை வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லா போர்ட்டிலும் அனுப்பும். வளையத்தில் அது இரண்டு பக்கமும் சுற்றி, வந்த இடத்துக்கே வந்து, மறுபடியும் கிளம்பும். நிறுத்த ஆளில்லை. அடுத்த கம்ப்யூட்டர் கேட்பதும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஒரு ஜிகாபிட் லைனில் மிகச் சிறிய ஃபிரேம் என்றால் நொடிக்கு சுமார் 14.88 லட்சம் ஓடும். அந்த இடம் முழுவதும் இந்தக் குப்பையே ஓடினால் உங்கள் பில் எந்த வழியாகப் போகும்? இதைத்தான் பிராட்காஸ்ட் ஸ்டார்ம் என்கிறோம்.

ஸ்பானிங் ட்ரீ செய்வது இதுதான். ஸ்விட்ச்கள் 2 நொடிக்கு ஒரு தடவை தங்களுக்குள் ஒரு சின்னச் செய்தி அனுப்பிக்கொள்ளும். அதன் பெயர் பிபிடியூ. அதை வைத்துத் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும். அவர்தான் ரூட் பிரிட்ஜ். ஒவ்வொரு ஸ்விட்சும் அந்த ரூட்டுக்குப் போகக் குறைந்த செலவுள்ள வழி எது என்று பார்த்து அதை வைத்துக்கொள்ளும். வளையம் உண்டாக்குகிற மிச்ச வழியை மூடிவிடும். மூடிய போர்ட்டில் டேட்டா போகாது, ஆனால் காது திறந்தே இருக்கும். வேறு வழி அறுந்தால் அது திறந்துகொள்ளும்.

கேபிள் போட்டவர் உங்களிடம் சொல்லாமல் விட்ட விஷயம் அந்தத் தேர்தல். யார் ரூட் என்பதை பிரையாரிட்டி எண் தீர்மானிக்கிறது. சிறிய எண் ஜெயிக்கும். கடையிலிருந்து வரும்போது எல்லா ஸ்விட்சிலும் அது 32768. எல்லோரும் சமம் என்றால் மேக் அட்ரஸை, அதாவது தயாரிக்கும்போதே ஒவ்வொரு ஸ்விட்சிலும் பதித்து அனுப்பும் தனி எண்ணை, பார்ப்பார்கள். அதிலும் சிறியது ஜெயிக்கும். இங்கேதான் வினை. பழைய ஸ்விட்சின் மேக் எண் சிறியதாக இருக்க வாய்ப்பு அதிகம். அதாவது நீங்கள் ஒன்றும் செய்யாமல் விட்டால், கம்பெனியிலேயே பழைய, வேகம் குறைந்த, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு டப்பாதான் பெரும்பாலும் ராஜாவாக உட்காரும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கோயம்புத்தூர் பக்கம் ஒரு மில். சர்வர் ரூம், ஸ்பின்னிங், ஸ்டோர் ரூம், கோன் வைண்டிங் என்று உங்களுடையதைப் போலவே நான்கு ஸ்விட்ச், வளையம். தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஸ்பின்னிங் பக்கம் கிட்டத்தட்ட 50 நொடி சர்வரோடு தொடர்பு அறுந்துபோகும். காலையில் எட்டரைக்கு மறுபடியும் அரை நிமிடம். நான் முதலில் சாஃப்ட்வேரைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் ஷிஃப்ட் மாறும் நேரத்து லோடு என்று நினைத்தேன். ஃபைபர் முனைகளைத் துடைத்தேன், இரண்டு மாட்யூலை மாற்றினேன். ஐந்தரைக்கு அது பாட்டுக்கு அறுந்தது.

மூன்றாம் நாள் வேறு வழி தெரியாமல் ஐந்தரை மணிக்கு ஒவ்வொரு இடமாக நடந்து பார்த்தேன். ஸ்டோர் ரூமில் ஸ்டோர்கீப்பர் அண்ணன் பேரேட்டை மூடிவைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டுமுன் மெயின் ஸ்விட்சைப் பட்டென்று அணைத்தார். ஃபேன் நின்றது, ட்யூப்லைட் அணைந்தது, அலமாரி மேல் தூசி படிந்து கிடந்த 100 எம்பிபிஎஸ் ஸ்விட்சும் அணைந்தது. அதுதான் ரூட்.

"அண்ணே, இதைத் தினமும் அணைப்பீங்களா?" என்றேன். "கரண்டை எதுக்குத் தம்பி வீணாக்கணும்?" என்றார். அவர் மேல் என்ன தப்பு?

அங்கே நடந்ததைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் பிரச்சினையும் புரிந்துவிடும். ரூட் ஸ்டோர் ரூமில் இருந்ததால் மூட வேண்டிய போர்ட் வளையத்தின் எதிர்முனையில் விழுந்தது. எதிர்முனை எது? சர்வர் ரூம். விலை கொடுத்து வாங்கிய நல்ல ஸ்விட்ச், ஸ்பின்னிங்குக்குப் போகிற தன் கேபிளைத் தானே மூடிவைத்திருந்தது. பக்கத்துக் கட்டடமான ஸ்பின்னிங்கிலிருந்து சர்வருக்கு வர வேண்டிய டேட்டா ஸ்டோர் ரூம், கோன் வைண்டிங் என்று ஊரைச் சுற்றி வந்தது. ஸ்டோர் ரூமில் கரண்டை அணைத்ததும் அந்தச் சுற்றுவழி அறுந்தது. சர்வர் ரூம் ஸ்விட்சுக்கு அது உடனே தெரியாது. பழைய தகவல் காலாவதியாக 20 நொடி காத்திருக்கும், அதன் பெயர் மேக்ஸ் ஏஜ். பிறகு மூடிய போர்ட்டைத் திறக்க 15 நொடி கவனிக்கும், 15 நொடி கற்றுக்கொள்ளும். மொத்தம் 50. காலையில் ராஜா திரும்பி வந்ததும் சர்வர் ரூம் போர்ட் உடனே மூடிக்கொள்ளும். ஆனால் ஸ்டோர் ரூம் பக்கத்து போர்ட் திறக்க அதே 15, 15 வேண்டும். அதுதான் அந்த அரை நிமிடம்.

நான் செய்தது ஒரே ஒரு வேலை. சர்வர் ரூம் ஸ்விட்சின் பிரையாரிட்டியை 4096 ஆக்கினேன். ரூட் அங்கே வந்தது. மூடிய போர்ட் எதிர்முனைக்கு, அதாவது ஸ்டோர் ரூமுக்கு, நகர்ந்தது. அன்று ஐந்தரைக்கு அண்ணன் வழக்கம்போல் மெயினை அணைத்தார். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இனி உங்கள் கம்பெனிக்கு வருவோம். நீங்கள் சொல்கிற அரை நிமிடம், முக்கால் நிமிடம் என்ற அளவே உங்கள் ஸ்விட்ச்கள் பழைய ஸ்பானிங் ட்ரீயில் ஓடுகின்றன என்று காட்டுகிறது. முதலில் நான்கு ஸ்விட்சிலும் உள்ளே போய் ஸ்பானிங் ட்ரீ பக்கத்தைத் திறந்து 'ரூட் ஐடி' என்று இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கிலும் ஒரே எண் இருக்க வேண்டும். அந்த எண் எந்த ஸ்விட்சின் மேக் என்று பாருங்கள். அது கட்டிங்கில் மேசைக்கு அடியில் இருக்கும் ஸ்விட்சாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, ஆபீஸ் ஸ்விட்சுக்கு 4096, அதற்கு அடுத்த நம்பகமான ஸ்விட்சுக்கு 8192 கொடுங்கள். மற்றவை 32768-லேயே இருக்கட்டும். இந்த எண் 0-விலிருந்து 61440 வரை, 4096-இன் மடங்காகத்தான் போகும். 5000 என்று அடித்தால் ஏற்காது. சில பிராண்டில் 0 முதல் 15 வரைதான் கேட்கும். அங்கே 1 என்றால் 4096. இன்னும் சிலவற்றில் 32768-க்குப் பதில் 32769 என்று காட்டும். பயப்பட வேண்டாம், அது வீலேன் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் பிரிவு) எண் 1-ஐயும் சேர்த்துக் காட்டுகிறது.

மோடு என்ற இடத்தில் ஆர்எஸ்டிபி, அதாவது ரேபிட் ஸ்பானிங் ட்ரீ, தேர்ந்தெடுங்கள். 2001-இல் 802.1டபிள்யூ என்ற பெயரில் வந்தது. பழையது கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்கும். இது பக்கத்து ஸ்விட்சைக் கேட்டு, சரி என்று பதில் வந்ததும் போர்ட்டைத் திறந்துவிடும். கேபிள் அறுந்தால் பெரும்பாலும் ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் எதிரே உள்ள ஸ்விட்ச் பழையதை மட்டுமே அறிந்தது என்றால், அந்த போர்ட்டில் இதுவும் பழைய நடைக்கு இறங்கிவிடும். லிங்க் ஹாஃப் டூப்ளெக்ஸில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசுகிற நிலையில், நின்றாலும் அதே கதி. வளையத்தில் அப்படி ஒரு டப்பா இருந்தால் அதை மாற்றுவதற்கு முதலாளியிடம் காசு கேளுங்கள். வேறு மருந்து கிடையாது.

கடைசியாக ஒன்று, இதை மறந்துதான் பலர் எனக்கு மறுபடியும் எழுதுகிறார்கள்: 'அப்ளை' அழுத்துவது வேறு, 'சேவ்' செய்வது வேறு. பல ஸ்விட்சில் அப்ளை செய்தது அடுத்த கரண்ட் கட் வரைதான் இருக்கும். நம் ஊரில் அது எத்தனை நாள் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் 30 கம்ப்யூட்டர். நன்கொடையாக ஒரு மேனேஜ்டு ஸ்விட்ச் வந்தது, மாட்டினோம். அன்றிலிருந்து காலையில் ஆன் செய்தால் பல கம்ப்யூட்டர்களுக்கு நெட் வருவதில்லை, ஐபி 169.254 என்று தொடங்குகிறது. கொஞ்ச நேரம் கழித்து கேபிளைக் கழற்றி மாட்டாமல், உள்ளேயே ரிப்பேர் கொடுத்தால் வந்துவிடுகிறது. பழைய ஆயிரம் ரூபாய் ஸ்விட்சில் இந்தத் தொல்லை இல்லையே? – கம்ப்யூட்டர் ஆசிரியை, நாகர்கோவில்

டீச்சர், நோயை நீங்களே பாதி கண்டுபிடித்துவிட்டீர்கள். கேபிளைக் கழற்றாமல் ரிப்பேர் கொடுத்தால் வருகிறது என்று எழுதினீர்களே, அதுதான் துப்பு.

169.254 என்பது "யாரும் எனக்கு அட்ரஸ் கொடுக்கவில்லை, நானே ஒன்று வைத்துக்கொண்டேன்" என்று கம்ப்யூட்டர் சொல்வது. அது அட்ரஸ் கேட்ட நேரத்தில் ஸ்விட்ச் அந்த போர்ட்டைத் திறக்கவே இல்லை. புதிதாக உயிர் வந்த எந்த போர்ட்டையும், "எதிரே இன்னொரு ஸ்விட்ச் இருந்து லூப் ஆகிவிடுமோ" என்ற பயத்தில் 30 நொடி பூட்டிவைத்துப் பார்க்கும். உங்கள் பழைய ஸ்விட்சுக்கு அந்தப் பயமே தெரியாது, அதனால் உடனே திறந்துவிட்டது.

கம்ப்யூட்டர் மட்டும் மாட்டியிருக்கும் போர்ட்களில் 'எட்ஜ் போர்ட்' என்பதை ஆன் செய்யுங்கள். சில ஸ்விட்சில் அதற்கு 'போர்ட்ஃபாஸ்ட்' என்று பெயர். அதன் பிறகு லிங்க் வந்த உடனே போர்ட் திறக்கும். ஆர்எஸ்டிபி போட்டால் இது தானாகப் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். எதிரே பதில் சொல்ல ஸ்விட்ச் இல்லாத போர்ட்டில் ஆர்எஸ்டிபியும் அதே 30 நொடி காத்திருக்கும். ஆட்டோ எட்ஜ் வசதி இருந்தால் மட்டும் சில நொடியில் புரிந்துகொள்ளும்.

எட்ஜ் போடும்போதே பிபிடியூ கார்டையும் அதே போர்ட்களில் போட்டுவிடுங்கள். அது ஒரு காவல்காரன்: அந்த போர்ட்டில் பிபிடியூ வந்தால் போர்ட்டையே மூடிவிடும். இரண்டும் புருஷன் பெண்டாட்டி மாதிரி, தனியாக விடக் கூடாது. இன்னொரு ஸ்விட்சுக்குப் போகும் போர்ட்டில் மட்டும் இரண்டையும் போட்டுவிடாதீர்கள். 'பிபிடியூ ஃபில்டர்' என்று பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அது செய்வது நேர்மாறான வேலை: அந்த போர்ட்டில் ஸ்பானிங் ட்ரீயின் வாயையும் காதையும் பொத்திவிடும். அதைத் தொட வேண்டாம்.

கேள்வி: நீங்கள் சொல்கிற பிபிடியூ கார்டைத்தான் எல்லா போர்ட்டிலும் போட்டேன். இரண்டே நாளில் மேனேஜர் ரூம் போர்ட் செத்துவிட்டது. நான் திறந்துவிட்டால் மறுபடியும் மூடிக்கொள்கிறது. அவர் அறையில் ஸ்விட்சே இல்லை என்று சத்தியம் செய்கிறார். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது சார். – ஒரு வாசகர், கிண்டி

மேனேஜர் பொய் சொல்லவில்லை தம்பி. மேசைக்கு அடியில் குனிந்து அவருடைய ஐபி போனைப் பாருங்கள். அதற்குப் பின்னால் இரண்டு போர்ட் இருக்கும். ஒன்று சுவருக்கு, ஒன்று கம்ப்யூட்டருக்கு. வீட்டுக்கு எடுத்துப் போன லேப்டாப்பின் கேபிள் சும்மா தொங்கியதைப் பார்த்து, கூட்டிப் பெருக்க வந்தவரோ அவரேயோ அதைச் சுவரில் இருந்த இன்னொரு ஓட்டையில் சொருகியிருப்பார்கள். போன் என்பது உள்ளுக்குள் ஒரு குட்டி ஸ்விட்ச். உங்கள் ஸ்விட்ச் ஒரு போர்ட்டில் அனுப்பிய பிபிடியூ, போன் வழியாக இன்னொரு போர்ட்டில் திரும்பி வருகிறது. கார்டு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. கார்டும் ஸ்பானிங் ட்ரீயும் இல்லையென்றால் செத்திருப்பது ஒரு போர்ட் அல்ல, அந்த மாடி.

போன் சரியாக இருந்தால், அவர் வைஃபை சரியில்லை என்று வீட்டிலிருந்து ஒரு ரூட்டரைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். அதைக் கேட்கும்போது கொஞ்சம் பணிவாகக் கேளுங்கள்.

காரணத்தைச் சரிசெய்யாமல் போர்ட்டைத் திறந்துகொண்டே இருப்பதில் பயனில்லை. தானாகத் திறக்கும் வசதி பல ஸ்விட்சில் உண்டு. 300 நொடி என்று வைத்திருப்பார்கள். விடுமுறை நாளில் உங்களை வீட்டிலிருந்து கூப்பிடாமல் இருக்க அது உதவும், அவ்வளவுதான்.

இன்னொரு எச்சரிக்கை. ஐந்து போர்ட் பிளாஸ்டிக் ஸ்விட்ச்களில் சில, பிபிடியூவை அடுத்த பக்கம் கடத்தாமல் விழுங்கிவிடும். அதற்குக் கீழே லூப் விழுந்தால் ஸ்பானிங் ட்ரீக்குத் தெரியவே தெரியாது. அதற்கு உங்கள் ஸ்விட்சில் 'லூப் புரொடெக்ட்' அல்லது 'லூப் டிடெக்ஷன்' என்று தனியாக ஒன்று இருக்கும், ஆன் செய்யுங்கள். பிராட்காஸ்ட் ஓர் அளவைத் தாண்டினால் வெட்டிவிடும் ஸ்டார்ம் கன்ட்ரோலையும் வைத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

கேள்வி: ஸ்பானிங் ட்ரீயைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண் என்று என் மகள் சொல்கிறாள். நிஜமா? – ஒரு வாசகர், மதுரை

நிஜம். ரேடியா பெர்ல்மன். அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் வேலை பார்த்தபோது 1985-இல் கொண்டுவந்தார். வழிமுறையை எழுதிய கையோடு, லூப் இல்லாத அந்த மரத்தைப் பற்றி ஒரு கவிதையும் எழுதினார். நெட்வொர்க் படித்தவர்களில் பலர் அவர் எழுதிய விதிமுறையை மறந்திருப்பார்கள், கவிதையை மறக்கவில்லை. ஐஇஇஇ அமைப்பு 1990-இல் இதை 802.1டி என்ற பெயரில் தரநிலையாக வெளியிட்டது. மகளிடம் என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் ஒரு மருத்துவமனையில் நெட்வொர்க் பார்க்கிறோம். கட்டடம் கட்டக் கட்ட ஸ்விட்சையும் ஒன்றன் பின் ஒன்றாக நீட்டிக்கொண்டே வந்தார்கள். இப்போது சங்கிலி மாதிரி 11 ஸ்விட்ச். வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. விட்டுவிடலாமா? – ஒரு வாசகர், திருச்சி

விடாதீர்கள். நான் சொன்ன 2, 15, 20 நொடி கணக்கெல்லாம் வலைப்பின்னலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 7 ஸ்விட்சுக்கு மேல் இருக்காது என்ற அனுமானத்தில் போடப்பட்டது. அதைத் தாண்டினால் நாளைக்கே நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. சாதாரண நாளில் ஓடும். நெருக்கடியான நாளில் ரூட் அனுப்பும் செய்தி கடைசி ஸ்விட்சுக்குப் போய்ச் சேரத் தாமதமானால், அது "ராஜா இறந்துவிட்டார்" என்று முடிவுகட்டி, எங்காவது வளையம் இருந்தால் அங்கே மூடியிருந்த போர்ட்டைத் திறக்கும். உண்மையில் ராஜா உயிரோடுதான் இருப்பார். அந்த நொடியே லூப்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, உங்களைப் போன்ற இடத்திலேயே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை. 2002 நவம்பரில் அவர்களுடைய நெட்வொர்க் ஸ்பானிங் ட்ரீ எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்ததால் சரிந்து விழுந்தது. ஏறக்குறைய நான்கு நாள் எழுந்து நிற்கவில்லை. லேப் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாம் பேப்பருக்குத் திரும்பின. கம்ப்யூட்டரில் மட்டுமே வேலை பழகிய இளம் டாக்டர்களுக்குப் பேப்பரில் எப்படி எழுதுவது என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே கணினித் துறைக்குத் தலைவராக இருந்த ஜான் ஹலம்கா, நடந்ததை மறைக்காமல் வெளியில் பேசினார். அதனால்தான் இன்று நானும் நீங்களும் அதைப் பற்றிப் பேச முடிகிறது. நம்மிடம் அந்தப் பழக்கம் குறைவு. நெட் விழுந்தால் "மெயின்டனன்ஸ்" என்று போர்டு வைப்போம்.

உங்களுக்கு நான் சொல்வது: சங்கிலியை உடையுங்கள். நடுவில் ஒரு கோர் ஸ்விட்ச், ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் அதற்கு நேராக ஃபைபர். அது உடனே முடியாது என்றால், ரூட்டைச் சங்கிலியின் நடுவில் உள்ள ஸ்விட்சுக்காவது மாற்றுங்கள். 11-இல் ஆறாவது ரூட் ஆனால், இரண்டு பக்கமும் ஐந்து தாண்டல்தான். கோடிக்குக் கோடி நீளம் குறையாது, ஆனால் ரூட்டின் செய்தி பழசாகிப் போகும் ஆபத்து பாதியாகும். மேக்ஸ் ஏஜ் எண்ணைக் கூட்டிவைத்துச் சமாளிக்கலாம் என்று ஒருவர் வருவார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: இரண்டு பிராண்ட் ஸ்விட்ச் கலந்திருக்கிறது. ஒன்று பிவிஎஸ்டி என்கிறது, இன்னொன்று ஆர்எஸ்டிபி என்கிறது. ஒத்துப்போகுமா? – ஒரு வாசகர், ஈரோடு

வீலேன் 1-இல் மட்டும் ஒத்துப்போகும். பிவிஎஸ்டி என்பது சிஸ்கோவின் சொந்தச் சரக்கு; வீலேனுக்கு ஒரு மரம் வைக்கும். மற்ற பிராண்டுக்கு அதன் வீலேன் 1 பேச்சு மட்டும்தான் புரியும். மற்ற வீலேன் செய்திகளை அவை என்னவென்று தெரியாமல் அப்படியே கடத்திவிடும். ஐந்தாறு ஸ்விட்ச்தான் என்றால் எல்லாவற்றையும் எம்எஸ்டிபிக்கு (பல வீலேனை ஒரே மரத்தில் சேர்க்க முடிகிற ஸ்பானிங் ட்ரீ) மாற்றி, எல்லா வீலேனையும் ஒரே மரத்தில் விட்டுவிடுங்கள். இரண்டு பிராண்டுக்கும் அது பொது மொழி. ரீஜன் பெயர், ரிவிஷன் எண், வீலேன் பட்டியல் மூன்றும் எல்லா ஸ்விட்சிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் பெயர் அடிக்கும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால்கூட அது வேறு ரீஜன்.

கேள்வி: எல்லாம் சரி. லூப் விழுந்தே விட்டது, ஸ்விட்சுக்குள் லாகின்கூட ஆக முடியவில்லை, எல்லோரும் என் தலைக்கு மேல் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் என்ன செய்வது? – ஒரு வாசகர், ஓசூர்

முதலில் தலைக்கு மேல் நிற்பவர்களை டீ குடிக்க அனுப்புங்கள்.

ரேக் முன்னால் போய் நின்று விளக்குகளைப் பாருங்கள். சாதாரண நேரத்தில் ஒவ்வொரு போர்ட் விளக்கும் தன் இஷ்டத்துக்குச் சிமிட்டும். லூப் விழுந்தால் எல்லாம் ஒரே தாளத்தில், இமைக்கவே நேரமில்லாத மாதிரி துடிக்கும். ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்க மாட்டீர்கள்.

லாகின் கிடைக்காது, ஸ்விட்சின் சிபியூ மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். எதையும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், லூப் அங்கேயே காத்திருக்கும். கோர் ஸ்விட்சில் மற்ற ஸ்விட்ச்களுக்குப் போகிற கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒன்றைக் கழற்றி ஐந்து நொடி விளக்கைப் பாருங்கள். மாறவில்லை என்றால் திரும்ப மாட்டிவிட்டு அடுத்தது. எதைக் கழற்றியதும் துடிப்பு சட்டென்று அடங்குகிறதோ அந்தத் திசையில்தான் வினை. அந்த ஸ்விட்சுக்கு நடந்து போய் அங்கேயும் அதையே செய்யுங்கள். மூன்றாவது இடத்தில் பெரும்பாலும் மேசைக்கு அடியில் முட்டிபோட்டு இருப்பீர்கள். எந்தக் கேபிளைக் கழற்றினாலும் அடங்கவில்லை என்றால் லூப் ஒன்றுக்கு மேல் இருக்கலாம், அல்லது நீங்கள் நிற்கும் ஸ்விட்சிலேயே இருக்கலாம். அப்போது எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு வாருங்கள்.

அடங்கிய பிறகு ஸ்விட்சின் லாகைப் படியுங்கள். ஒரே மேக் அட்ரஸ் இந்த போர்ட்டில், அந்த போர்ட்டில் என்று மாறி மாறித் தாவியதாக வரிசையாக எழுதியிருக்கும். அந்த இரண்டு போர்ட்டும் எங்கே போகின்றன என்று பார்த்தால் கதை முடிந்தது. எந்த போர்ட் எந்த அறைக்குப் போகிறது என்று லேபிள் ஒட்டியிருந்தால் பத்து நிமிடம். இல்லையென்றால் அன்று ராத்திரி அங்கேதான்.

லூப் உண்டாக்கிய கேபிளைக் கண்டுபிடித்துவிட்டீர்களா? கழற்றி அங்கேயே மேசை மேல் வைத்துவிட்டு வராதீர்கள். ஒரு முனை தொங்கிக்கொண்டிருந்தால் மனிதர்களுக்குப் பொறுக்காது. "ஐயோ, இது கழன்று கிடக்கிறதே" என்று யாராவது நல்ல மனதோடு திரும்பச் சொருகிவிடுவார்கள். நான் அதைச் சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவேன். எங்கள் வீட்டு மாடியில் துணி காயப்போடும் கொடியில் பாதி அப்படி வந்ததுதான்.